படித்துக் காட்டும் வேலை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் துணை ஆசிரியர்கள் என்னைப் பார்க்க ஆரணிக்கு வந்திருந்தார்கள். இதழ் இப்போது சென்னையிலிருந்து வருகிறது. வருகிறது என்றால் கம்ப்யூட்டர் திரையில் மட்டும்; அச்சு நின்றுவிட்டது. பேச்சுவாக்கில் அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: “கட்டுரையில வர்ற நோயாளிங்க வீட்டுக்கே போய்ப் படிச்சுக் காட்டுவீங்களாமே, நெஜமா சார்?”

நிஜம்தான் என்றேன்.

“எதுக்கு? சம்மதம்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்களே?”

இதற்கு என்னால் உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், ஏதோ சொன்னேன். அவர்கள் போன பிறகும் அது விடவில்லை. சாப்பிடும்போதும் தெருவில் நடக்கும்போதும் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே தருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் வந்த ஆய்விதழ். உடல்நலமும் மனித உரிமையும்தான் அதன் பொருள். ஜெயிலில் காசநோய் வந்தவனுக்கு மருந்து கிடைக்கிறதா, மனநல விடுதியில் யாரை எதற்காகக் கட்டிப்போடுகிறார்கள், சாயப்பட்டறையில் கை வைக்கிறவனுக்கு அந்தச் சாயத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா, இப்படிப்பட்ட கட்டுரைகள். நாடு முழுவதிலிருந்தும் டாக்டர்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் எழுதினார்கள். அது ஆரணியில் பட்டுத்தறிகள் ஓடும் ஒரு தெருவிலிருந்து வெளிவந்ததற்குக் காரணம், ஆசிரியராக இருந்த டாக்டர் சரோஜாவின் அப்பா கட்டிய வீடு அங்கே இருந்ததுதான். அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் டாக்டர் சரோஜா. அந்த வீட்டு மாடியில் இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர், பிறகு ஒரு கம்ப்யூட்டர். தெருவில் கேட்டால், “டாக்டரம்மா ஏதோ புக்கு போடறாங்க” என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

என் பூர்வோத்தரம் நீளமானது இல்லை. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலம் இல்லாத குடும்பம். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போனவர்கள். நான் எப்படியோ ஆங்கில இலக்கியம் படித்து, வேலூரில் ஓர் அச்சகத்தில் சில வருஷம் புரூஃப் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாக்டரம்மா அந்த அச்சகத்துக்கு வந்தபோது, அவர் கொண்டுவந்த கட்டுரையில் ஒரு வாக்கியம் முடியவே இல்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் கட்டுரைகளைக் கண்ணால் படிக்க மாட்டார். நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். நின்றுவிட்டார் என்றால் அந்த வாக்கியத்தில் தப்பு. ‘சிகிச்சை மறுக்கப்பட்டது’ என்று வந்தால் கட்டாயம் நிற்பார்.

“யார் மறுத்தாங்க ஏழுமலை? செவுரா மறுத்துது?”

“எழுதினவர் போடலீங்க.”

“கேட்டு எழுது. வேலையைச் செஞ்சவனுக்கு ஒரு பேர் இருக்கும், இல்லன்னா பதவியாவது இருக்கும். அது இல்லாம வாக்கியத்தை உள்ள விடாதே.”

குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். கட்டுரை வந்ததும் எழுதியவர் பெயர் இருக்கும் தாளை எடுத்துவிட்டு, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவோம். அவர்கள் கருத்து வந்ததும் எழுதியவருக்குப் போகும், திருத்தம் வரும். எல்லா ஆய்விதழும் செய்வதுதான் இது. அதற்கு மேல் டாக்டரம்மா தன் சொந்தச் சட்டம் ஒன்று வைத்திருந்தார். யாரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி வருகிறதோ, அச்சுக்குப் போகும் முன் அவருக்கு அதை அவர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் பத்தி வராது.

இதனால் எழுதுகிறவர்கள் எரிச்சலானார்கள். பெரிய பேராசிரியர் ஒருவர், ஆசிட்டில் கை வெந்துபோன தொழிலாளியின் படத்தை முகத்தோடு அனுப்பியிருந்தார். அந்த ஆளிடம் காட்டினீர்களா என்று கேட்டு எழுதினோம். போனில் கத்தினார். “அவனுக்காகத்தானே எழுதறேன்” என்றார். டாக்டரம்மா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ அவர்கிட்ட காட்டறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று மட்டும் சொன்னார். கட்டுரை கையை மட்டும் காட்டும் படத்தோடு வந்தது.

கஸ்தூரியின் விஷயம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. கர்ப்பிணிகளிடம் சொல்லாமலே அவர்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றி ஓர் இளம் டாக்டர் எழுதியிருந்தார். சில பெண்களுடைய அனுபவம் அதில் இருந்தது. மற்றவர்கள் வேறு மாவட்டங்களில் இருந்தார்கள்; அவர்களுக்கு அவரே படித்துக் காட்டிவிட்டார். ஒரு பெண் மட்டும் ஆரணி. “உள்ளூர்தானே, நீ போ” என்றார் டாக்டரம்மா.

நடந்தது இதுதான். கஸ்தூரிக்கு முதல் பிரசவம். புருஷன் பட்டுத்தறி நெய்கிறவர். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் காட்டிவந்தாள். எல்லோருக்கும் எடுப்பதுதான் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை. பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நடைபாதையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, ஒரு நர்ஸ் சத்தமாகச் சொன்னாள், இந்தப் பொம்பளைக்கு இன்ன வியாதி, இங்கே தொட முடியாது, வேலூருக்கு இட்டுக்கினு போங்க என்று. புருஷன் ஒரு வேன் பிடித்தார். வேன் கண்ணமங்கலம் தாண்டவில்லை. பேருந்து நிலையத்தின் ஓரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் குழந்தையோடு வீடு திரும்பும் முன்பே சேதி தெருவுக்கு வந்துவிட்டது. முதலாளியின் ஆள் வந்து, தறியில் பாதி நெய்திருந்த பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு போனான்.

நான் போனபோது குழந்தைக்கு ஐந்தாறு மாசம் இருக்கும். பாவு இல்லாத தறி, சட்டம் மட்டும் நின்றது. அதன் மேல் குழந்தைத் துணி உலர்ந்துகொண்டிருந்தது. கஸ்தூரிக்கு இருபது, இருபத்தொரு வயது. புருஷன் சுவரோரம் படுத்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னாள். நான் ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அழுதேன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா. ‘சேதி கேட்டு அப்பெண் அழுதார்’னு இருக்கு.”

“நான் அழல சார். யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு கேட்டேன். வலியில துடிச்சிகினுதான் கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லல. அதை எழுதுங்க.”

எழுதிக்கொண்டேன். முடிவு வரை கேட்டாள். பிறகு, “என் பேரு எங்கயும் வரலியே” என்றாள்.

“போடறது வழக்கம் இல்லம்மா. உங்க நல்லதுக்குத்தான்.”

“ஊர் பேரு?”

“அதுவும் இல்ல.”

“ஆஸ்பத்திரி பேரு?”

“ஊரே இல்லன்னா...”

“அப்போ அவங்களுக்கும் நல்லதுதான்” என்றாள்.

படி இறங்கும்போது எனக்குக் காது சுட்டது. அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றும். அடுத்த நிமிஷம் அந்தக் குழந்தை நினைவுக்கு வரும். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, “வா” என்றார்.

அவரைக் கண்டதும் கஸ்தூரி எழுந்து நின்றாள். டாக்டரம்மா அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். புருஷனின் நாடியைப் பார்த்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டுக்கு யாரும் வந்து குழந்தையைத் தூக்காத நாட்கள் அவை. கஸ்தூரி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரைப் போடச் சொல்றியாமே.”

“ஆமாங்க. தப்பு பண்ணது நான் இல்லியே. நான் எதுக்கு ஒளியணும்?”

“தப்பு உன்னுது இல்ல. ஆனா இது அச்சுல போயிட்டா திரும்ப வாங்க முடியாது. இன்னிக்கு நீ சரின்ற. பத்து வருஷம் கழிச்சு இவ படிப்பா. அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னா நான் என்ன பண்றது?”

கஸ்தூரி சிரித்தாள். “பத்து வருஷத்துக்கு நான் எங்கங்க இருக்கப் போறேன்? நீங்களே டாக்டரு. சொல்லுங்க, இருப்பேனா?”

அன்று அந்த நோய்க்கு எங்கள் ஊர் ஜனங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு மருந்தும் இல்லை. குழந்தை டாக்டரம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் சொன்னார்: “உனக்காகன்னா நான் பேரைப் போட்டுடுவேன். இவளுக்காக முடியல. இவகிட்ட நான் இன்னும் கேக்கல.”

கஸ்தூரி குழந்தையை வாங்கிக்கொண்டாள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் தன் கேள்வி அப்படியே வர வேண்டும் என்றாள். கண்ணமங்கலத்தையும் எடுக்கக் கூடாது என்றாள். டாக்டரம்மா அதற்கும் தயங்கினார். அந்த ஓர் இடம் தெரிந்தால் மற்றதைப் பலர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்.

“அதையும் எடுத்துட்டா அது நான் இல்லீங்க. எவளோ ஒருத்தி” என்றாள் கஸ்தூரி.

கண்ணமங்கலம் நின்றது.

அச்சுக்கு முன் அந்தப் பகுதியை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று எழுதினோம். அதன் உரிமையாளர் நேரில் வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே, “இதே ஊர்ல இருந்துகினு ஊர் டாக்டர் மேலயே எழுதறீங்களா? எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா?” என்றார். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். “நடக்கலன்னா எழுதிக் குடுங்க. அதையும் அதே பக்கத்துல போடறேன்.” அவர் உட்காரவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. கட்டுரை வந்தது. நடைபாதையை ஒட்டித் திறந்தே கிடந்த ஒரு மூலையைத் தடுத்து, கதவு வைத்து, ரத்தப் பரிசோதனைச் சேதியை உள்ளே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள் என்று சில மாதம் கழித்துக் கேள்விப்பட்டோம். அந்தக் கதவைப் பார்ப்பதற்காகவே பல்வலி என்று சொல்லி ஒரு நாள் போனேன். சாதாரணப் பச்சைக் கதவு. அதில் எனக்கு எவ்வளவு திருப்தி வர வேண்டுமோ அவ்வளவு வரவில்லை.

கஸ்தூரியின் புருஷன் இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோனார். அவள் குழந்தையோடு போளூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். பிறகு சேதி இல்லை. இறந்திருப்பாள் என்றே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

வருஷங்கள் போயின. டாக்டரம்மாவுக்கு முட்டிவலி அதிகமாகி நடக்க முடியவில்லை. நடக்க முடியாதபோது ஆசிரியராக இருக்கவும் முடியாது என்று பொறுப்பை விட்டார். சென்னையிலிருந்து ஒரு டாக்டர் புது ஆசிரியராக வந்தார். நல்ல மனுஷர், படிப்பாளி. எதையும் ஜல்தியாக முடிக்க வேண்டும் அவருக்கு. இரண்டாயிரங்களின் இறுதியில், பழைய இதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போடப் போவதாகச் சொன்னார். யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

அன்றே எனக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் இதழ் போனது சில நூலகங்களுக்கு. ஆரணியில் அதைப் பிரித்துப் பார்த்தவர் எங்கள் மாடியில் இருந்தவர்கள் மட்டும். இப்போது ஒரு பிள்ளை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்ணமங்கலம் என்று தட்டினால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு போளூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனதில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தையல் கடையைக் காட்டினார்கள். மிஷினில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

“இன்னா சார், நான் செத்துட்டேன்னு நெனச்சீங்களா?”

பொய் சொல்ல வரவில்லை. அவளே ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு உடம்பு தேறியதாம். மாத்திரைக்கு மாதாமாதம் வேலூர். குழந்தைக்கு நோய் இல்லை. ஒன்பதாவது படிக்கிறாள். பெயர் ரேவதி.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இணையம் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். நிறுத்தச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும் சார். எம் பொண்ணு அதுலதான் கெடக்கறா. ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்க. தன் பேரு, ஊர் பேரு, எல்லாம் போட்டுப் போட்டுப் பாக்கறா.” துணியை மடித்துக் கீழே வைத்தாள். “கண்ணமங்கலத்துல பொறந்தவன்னு அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பொண்ணுன்னு எங்கண்ணன் கிண்டல் பண்ணுவாரு. ஏன் அங்க பொறந்தான்னு தெரியாது. அவசரத்துல பொறந்துட்டேன்னு நெனச்சிகினு இருக்கா. எனக்கு என்னா மாத்திரைன்னும் தெரியாது. ரத்தம் கம்மின்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“அப்போ வேணாம்னு சொல்லிடறேம்மா.”

“அன்னிக்குப் பேரைப் போடுன்னு ஒத்தக் கால்ல நின்னேன். ஞாபகம் இருக்கா? சாகப் போறேன்னு நெனச்சேன். எதுக்கும் பயம் இல்ல. இப்போ உயிரோட இருக்கேன் சார். பயமாக்கீது.” கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். “அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். சொல்லாம இருக்க மாட்டேன். ஆனா நான் சொல்லணும். கம்ப்யூட்டரு சொல்லக் கூடாது.”

புது ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார். பிறகு, “அச்சுல வந்தது ஆவணம், ஏழுமலை. பிடிக்கலன்னு ஒவ்வொருத்தரும் கேட்டா எடுத்துடுவோமா? அந்தக் கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்காங்க. அதுவும் பேரே இல்லையே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம். எதிரில் இருப்பவர் அயோக்கியராக இருந்தால் சண்டை சுலபம்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அவளைக் கேட்டியா?” என்றார்.

“கேட்டேங்க.”

“என்ன சொன்னா?”

“வேணாம்னு.”

“அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?” போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்றேன். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே பேசினேன். “சார், லைப்ரரியில போடறதுக்குத்தான் அந்தம்மா அன்னிக்கு சரின்னாங்க. இதுக்கு சரின்னு சொல்லல. யாரைக் கேட்டுப் போட்டீங்கன்னு நாளைக்கு வந்து கேட்டா, நானும் அந்த நர்ஸ் மாதிரி பதில் சொல்லாம நிக்கணும். என்னால முடியாது. வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்குங்க.” ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்ததால் வந்த துணிச்சல் என்று அவர் நினைத்திருக்கலாம். இருக்கலாம்.

அவர் அந்தக் கட்டுரையை வாங்கி, அந்தக் கேள்வி இருந்த பக்கத்தை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “பத்தியை எடுத்துடுங்க. எடுத்தோம்னு ஒரு வரி போடுங்க. யார் எடுத்தாங்கன்னும் போடுங்க” என்றார். இணையத்தில் அந்த இடம் இப்படித்தான் இருக்கிறது: இப்பகுதியை, இதில் பேசப்பட்டவர் கேட்டுக்கொண்டபடி ஆசிரியர் நீக்கியிருக்கிறார். அங்கே என்ன இருந்தது என்று கேட்டு வெளிநாட்டிலிருந்துகூட மின்னஞ்சல் வரும். அந்த இதழின் காகிதப் பிரதி எந்த நூலகத்திலாவது இருக்கத்தான் செய்யும். நாங்கள் செய்தது பாதிதான். அது தெரிந்தேதான் செய்தோம்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கஸ்தூரி என் வீட்டுக்கு வந்தாள். கூட ஒரு பெண். அம்மாவைவிட உயரம், பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியிருந்தாள்.

“சொல்லிட்டேன் சார்” என்றாள் கஸ்தூரி. “ஒரு வாரம் பேசல. அப்புறம் அந்த புக்கைக் காட்டுன்னு சொல்லிச்சு.”

என் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். ரேவதி தரையில் உட்கார்ந்து, விரலை வரியோடு நகர்த்திப் படித்தாள். தெரியாத வார்த்தைக்கு மட்டும் என்னைக் கேட்டாள். நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியைப் படித்தாள், அம்மாவின் கேள்வியைப் படித்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று கஸ்தூரி அவள் முகத்தைப் பார்க்காமல் என் மனைவி கொடுத்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் நின்றவர்கள் உதவ, பேருந்து நிலையத்தில் குழந்தை பிறந்தது என்ற வரிக்கு வந்ததும் ரேவதி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“யாரும்மா இவங்க? வழியில நின்னவங்கன்னா?”

“ஒரு பூக்காரம்மா. வெள்ளரிக்கா விக்கறவங்க ரெண்டு பேரு. பொடவையைச் சுத்திப் புடிச்சிகினாங்க. பூக்காரம்மாதான் உன்னை எடுத்துது.”

“அவங்களுக்குத் தெரியுமா, உனக்கு இது இருக்குன்னு?”

“உங்கப்பா மொதல்லயே சொல்லிட்டாரு. தொடாதீங்கம்மா, ஆஸ்பத்திரியில இந்த மாதிரி சொல்லிக்கீறாங்கன்னு. அவரு ஒண்ணையும் மறைக்கல.”

“அதுக்கு இன்னா சொன்னாங்க?”

கஸ்தூரி யோசித்தாள். “‘வெளிச்சத்தை மறைக்காதே, அந்தாண்ட போய்யா’ன்னுது அந்தம்மா. அவ்ளோதான் சொல்லிச்சு.”

ரேவதி இதழை மூடி என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்த மாத மாத்திரைக்கு வேலூர் போக வேண்டும், மறுநாள் திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், இன்று போய் உறவுக்காரர் வீட்டில் தங்கினால் காலையில் முதல் ஆளாக நிற்கலாம் என்றாள் கஸ்தூரி. பஸ் ஏற்றிவிட நானும் போனேன். வண்டி நகரும்போது கண்டக்டர் அவர்கள் சீட்டுக்கு வந்தார். கஸ்தூரி வேலூர் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண், “கண்ணமங்கலம், ரெண்டு” என்றது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.